ஒலிபெருக்கி புஹாரியும் மாளிகை மணமும்

அறுபத்திரண்டாம் ஆண்டு மழை தொடங்கிய சமயம் மாத்தளை நகரில் ஒரு செய்தி அடிபட்டது. ஒலிபெருக்கி புஹாரி, எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளன்று, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் விற்கப் போன சென்ட்டையே "பூசாதீர்கள்" என்று சொல்லிவிட்டானாம்.

பள்ளிவாசல் பக்கத்துத் தேநீர்க்கடையில் விசாரித்தால், ஈமானுள்ள மனுஷன், பொய் சொல்லி வயிறு வளர்க்கமாட்டேன் என்று கூட்டத்துக்கு முன்னால் அழுதான் என்றார்கள். முடிவெட்டும் கடையில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போட்டி வியாபாரி ஒருவன் காசு கொடுத்துக் கையை நனைத்துவிட்டான் என்றார்கள். கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் விற்கிறவள் இரண்டையும் தள்ளிவிட்டாள். எல்கடுவ மலைப்பாதையில் ஒரு திருப்பம் இருக்கிறதாம், அங்கே பகலிலேயே ஏதோ நிற்குமாம், அது பிடித்துக்கொண்டதாம்.

மூன்றையும் சலித்துப் பார்த்ததில் மிஞ்சியது இவ்வளவுதான்: புஹாரி அந்தச் சொல்லைச் சொன்னது நிஜம். அழவில்லை, கை நனையவில்லை, எதுவும் பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். எதற்காகச் சொல்லப் போனான், சொன்னதோடு சேர்த்து எதைச் சொல்லாமல் விட்டான் என்பதைத்தான் ஊர் விட்டுவிட்டது. அதற்கு அவனுடைய குரலிலிருந்து தொடங்க வேண்டும்.

கொங்காவெலயில் வாடகை வீட்டில் இருந்த புஹாரிக்கு உடம்பு ஒல்லி, குரல் மட்டும் யானை. அதுவும் மைக் கையிலிருந்தால்தான். படம் மாறுகிற நாளில் நகரைச் சுற்றி அறிவித்துக்கொண்டு போவான். சோகப் படம் என்றால் டிக்கட் எடுப்பதற்கு முன்பே பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடுவார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டால் அவன் வேறு ஆள். சாப்பிடும்போது உப்புக் கேட்டாலும் எதிரே இருக்கிற மனைவி மஸீனாவுக்குக் காதில் விழாது.

"என்ன கேட்டீங்க?"

"உப்பு."

"அந்தக் காரையும் உள்ளுக்கு எடுத்துக்கிட்டு வந்து கேளுங்களேன். அப்பயாவது வெளங்கும்."

அந்தக் கார் அவனுடையதல்ல. கடைத்தெருவில் அத்தர், பன்னீர், சாம்பிராணி விற்ற ஸஹாப்தீன் முதலாளியுடையது. பழைய ஆஸ்டின். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டியதும் கொம்பு முளைத்த மாடு மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டுச் சென்ட் வருவது சுருங்கிப்போன காலம் அது. முதலாளி ஒரு யோசனை செய்தார். கடையின் பின்னறையில் ரோஜா எசன்ஸையும் ஸ்பிரிட்டையும் இன்னும் எதை எதையோ கலந்தார். கலந்ததை மஸீனா முகர்ந்து பார்த்துவிட்டு, பழுதாய்ப்போன அன்னாசிக்குக் கலியாணம் நடந்த மாதிரி இருக்கிறது என்றாள். முதலாளிக்குத் தேவைப்பட்டது அவளுடைய மூக்கல்ல, ஒரு பெயர்.

பெயர் கிடைத்த இடம் பொட்டலம் கட்டும் தாள். துரைமார் பங்களாக்களிலிருந்து பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் நிறுவையில் கடைக்கு வரும். அதில் ஒரு பளபளப்பான பக்கம். ஏதோ பிரெஞ்சுச் சென்ட் விளம்பரம். ஒரு வெள்ளைக்காரி பளிங்குப் படிக்கட்டின் உச்சியில் நிற்கிறாள். கழுத்தில் முத்து. கீழே நீளமான கார், அதன் கதவைத் திறந்தபடி ஒருவன். பின்னால் கடல். மூலையில், கடுகளவுக்கு, ஒரு போத்தல்.

புஹாரிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படத்தை வாசித்தான். நெடுநேரம் வாசித்தான். போத்தலுக்கும் படிக்கட்டுக்கும் என்ன உறவு என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. வாசனையைத் தாளில் அச்சடிக்க முடியாது. அதனால் வீட்டை அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் எதுவும் செய்வதில்லை. துணி துவைப்பதில்லை, தண்ணீர் சுமப்பதில்லை, யாருக்காகவும் காத்திருப்பதாகக்கூடத் தெரியவில்லை. வேலை இல்லாத வாழ்க்கையின் வாசத்தைத்தான் அந்தப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள்.

"மாளிகை," என்றான் புஹாரி.

"ஆ! அதுதான் பேரு!" என்று முதலாளி மேசையைத் தட்டினார்.

அந்தப் பக்கத்தைப் புஹாரி வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினான். மஸீனா அகப்பையோடு வந்து பார்த்தாள்.

"இந்தப் பொம்புள எங்க சோறாக்குற?"

"அவ ஏன் சோறாக்கணும்?"

"அப்ப பசியோட நிக்கிறா. மொகத்தப் பாருங்க, பசிதான்."

புஹாரி காது கொடுக்கவில்லை. அவன் அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தான். அவன் உள்ளே நுழைந்து பார்த்த பெரிய கட்டடம் ரெஸ்ட் ஹவுஸ் வராந்தா ஒன்றுதான். மிச்சத்தைச் சினிமாத் தியேட்டர் திரைச்சீலையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"தாய்மார்களே! மாளிகை, மாளிகை, மாளிகை! ஒரு துளி பூசுங்கள், பளிங்குப் படியில் கால் வையுங்கள்! ஒரு துளி பூசுங்கள், காரின் கதவு திறக்கும் ஓசையைக் கேளுங்கள்! கடற்காற்று வந்து உங்கள் காதோரம் ரகசியம் பேசும்!"

எல்கடுவ மலையில் கடற்காற்று வீச வேண்டுமானால் முதலில் கண்டி மூழ்க வேண்டும். ஆனாலும் சம்பள நாளில் அந்தக் குரல் பள்ளத்தாக்கைச் சுற்றிவந்து இரண்டாம் தரமும் அதையே சொன்னபோது, தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவுகளில் நின்ற பெண்கள் தங்களை அறியாமல் கூந்தலைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்த முதல் நாளில்தான் விஷயம் நடந்தது.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். புஹாரி காரை அதன் நிழலில் நிறுத்தினான். டீமேக்கர் கணபதி வெளியே ஓடி வந்தார். தேயிலை பக்குவமாகி வெளியே போகும்வரைக்கும் அதற்குத் தாயும் தகப்பனும் அவர்தான். முஸ்லிம் ஆளை அந்தப் பக்கத்தில் மரியாதையாக நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, அந்தப் பெட்டியோட இங்க நிக்காதீங்க. தேயிலை பக்கத்துல இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கும். சோப்பு வாசத்துக்கே நாங்க ஆளுங்கள வெளிய அனுப்புறோம். பிரட்டுக்களத்துக்குக் கொண்டுபோயிருங்க."

"அவ்வளவு ரோசமா ஐயா தேயிலைக்கு?" என்று சிரித்துக்கொண்டே புஹாரி காரை எடுத்தான். சிரித்தாலும் கேட்டுக்கொண்டான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவனும் இதைத்தான் மறக்க முடியாமல் கிடந்தான்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்தான் பிரட்டுக்களம். அங்கே கூட்டத்தின் ஓரத்திலிருந்து நல்லம்மா முன்னால் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். மலையில் கொழுந்து எடுக்கும்போது தண்ணீர் ஓடும் கானில் சறுக்கி விழுந்து, கணுக்கால் கோணலாகப் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து ஸ்டோருக்குள், காய்ந்த தேயிலையில் குச்சி பொறுக்குகிற பெண்களோடு அவளுக்கும் ஓர் இடம். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. மழையில்லை, அட்டையில்லை, மேடில்லை. அந்தக் காலுக்கு அந்தத் தோட்டத்தில் வேறு வேலை கிடையாது.

"நானா, ஒரு சங்கதி கேக்கணும். இத வேலைக்குப் பூசிக்கிட்டுப் போலாங்களா? நான் ஸ்டோர்ல குச்சி பொறுக்குறேன்."

டீமேக்கர் சொன்னது புஹாரியின் நினைவில் இருந்தது. அது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் கையில் மைக் இருந்தது. கூட்டம் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'பூசக் கூடாது' என்பது ஒலிபெருக்கியில் சொல்ல நன்றாக இருக்காது.

"தாயே! ஸ்டோருக்கும் பூசலாம், வீட்டுக்கும் பூசலாம்! எங்கே பூசினாலும் அங்கேதான் மாளிகை!"

கூட்டம் கைதட்டியது. நல்லம்மா ஒரு போத்தலை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த மாதம் அதே களத்தில் புஹாரி மைக்கை ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை, கையில் தடி. ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து, நின்று, மறுபடி வைத்து. கிட்ட வந்ததும்தான் தெரிந்தது, நல்லம்மா.

"என்னம்மா, ஸ்டோர்லதானே நீங்க?"

"இப்ப மலைக்குத்தான் நானா."

அவள் அழவில்லை, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். மறுநாளே பூசிக்கொண்டு போயிருக்கிறாள். டீமேக்கர் வழக்கம்போலப் பொறுக்கிய தேயிலையைக் கையில் அள்ளி, வாயால் சூடாக ஊதி, மூக்கை விட்டிருக்கிறார். தேயிலைக்குள் ரோஜாப்பூ செத்துக் கிடந்தது. அவள் பக்கத்துக் குவியல் முழுவதும் அப்படியே. தோட்டத்துத் தொரை வந்தார். மறுநாள் காலை பிரட்டில், எல்லோர் முன்னாலும் விசாரணை.

"யாருக்குப் பூசினேன்னு கேட்டாங்க. எனக்குத்தான்னேன். சிரிச்சாங்க. தேயிலத் தூசு வாசத்தோட படுத்து, அதே வாசத்தோட எந்திரிக்கிறோமே, ஒரு நாளைக்கி வேற வாசத்தோட இருந்து பாப்போம்னுதான். அத எப்படிங்க தொரைக்கிட்ட சொல்றது?"

"நான் சொல்லித்தான் பூசினதா சொல்லலியா?"

"சொன்னேனே. நானாகிட்ட கேட்டுத்தான் பூசினேன், மைக்குலயே பூசலாம்னாருன்னு. டீமேக்கர் ஐயா நம்பல. ஒங்ககிட்ட அவரு அன்னைக்கே சொல்லிட்டாராம். தெரிஞ்சிருந்தும் ஒரு மனுசன் அப்படிச் சொல்லுவானான்னு கேட்டாரு. சனங்களக் கேட்டா, சத்தந்தான் கேட்டுச்சு, ஞாபகமில்லன்னுட்டாங்க. மணம் மட்டுந்தான்னா தொரை விட்டிருப்பாரு நானா. பொய் சொன்னேன்னுதான் மலைக்கு அனுப்பிட்டாரு."

தெரிந்திருந்தும் ஒரு மனுஷன் அப்படிச் சொல்லுவானா? கணபதி அவனை நல்லவன் என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இவளைப் பொய்க்காரியாக்கி மேட்டில் ஏற்றியிருக்கிறது. புஹாரிக்குக் காதுமடல் சுட்டது. அன்று மைக் பழுது என்று சொல்லிவிட்டு, ஒரு போத்தலும் விற்காமல் காரைத் திருப்பினான்.

வீட்டில் சொன்னான். மஸீனா பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப போய்ச் சொல்லுங்களேன். நான்தான் சொன்னேன் எண்டு."

"சொல்லத்தான் வேணும்."

"எப்ப?"

புஹாரி சுவரிலிருந்த வெள்ளைக்காரியைப் பார்த்தான். அவளும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவன் முதலாளியிடம் போனான். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"புஹாரி, நாம மாளிகை எண்டு சொன்னம். எவனாவது மூட்டையைக் கட்டிக்கிட்டு, எங்க என்ட மாளிகை எண்டு கடைக்கி வந்தானா?"

"இல்ல முதலாளி."

"அப்ப எல்லாருக்கும் தெரியும், இது சும்மா பேச்செண்டு. அந்தப் பொம்புள மட்டும் நம்பினா, அது என்ட குத்தமா?"

"அவ மாளிகைய நம்பல முதலாளி. நான் சொன்னதத்தான் நம்பின."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரின் சாவி மேசையில் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் ஒருதரம் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். வேலை போகும் என்பதற்கு அவ்வளவு போதும்.

என்றாலும் புஹாரி போனான். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒரு நாள் பஸ் ஏறி, கார் இல்லாமல், மைக் இல்லாமல், ஸ்டோர் வாசலில் போய் நின்றான். சட்டையில் வாசம் இருக்குமோ என்று பயந்து தூரத்திலேயே நின்றான். கணபதி கிட்ட வந்தும், அவன் சொன்னது கேட்பதற்குக் குனிய வேண்டியிருந்தது.

"நீங்க முன்னுக்கே சொல்லியிருந்தீங்க ஐயா. எனக்கு ஞாபகமும் இருந்திச்சு. இருந்தும் சொல்லிட்டன்."

கணபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் நம்பிப் பிரயோசனம் இல்ல நானா. பிரட்டுல அத்தன பேருக்கு முன்னால அவ பொய்க்காரியாகிட்டா. அதே எடத்துல நீங்க சொல்லணும். ஸ்டோர் ஆளுங்க இதப் பூசக் கூடாது; நல்லம்மா கேட்டுத்தான் பூசினா; தெரிஞ்சே தப்பாச் சொன்னது நான். இவ்வளவுதான். தொரையும் அன்னைக்கி அங்க நிப்பாரு. மிச்சத்த நான் பேசிக்கிறேன். அவளுக்கு எடம் கெடைக்கும்."

சம்பள நாள் வந்தது. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் புஹாரி அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். எலுமிச்சம்பழக்காரி பிறகு சொல்லப்போகிற அந்தத் திருப்பத்திலும் சொன்னான். அங்கே எதுவும் நிற்கவில்லை. வேலை போகும். போகட்டும். கொங்காவெலயில் யாரும் பட்டினியால் செத்ததில்லை.

பிரட்டுக்களம் நிறைந்திருந்தது. தொரை ஒரு பக்கம், கணபதி ஒரு பக்கம். நல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக நின்றாள்.

புஹாரி மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"ஸ்டோரில் வேலை செய்யும் தாய்மார்களே... இந்தச் சென்ட்டைப் பூசாதீர்கள்!"

களம் அடங்கியது. குழந்தையின் அழுகைகூட நின்றது. வாக்கியத்தின் முதற்பாதி வந்துவிட்டது, இரண்டாம் பாதி தொண்டையில் இருந்தது. ஆனால் அந்த அமைதி அவனுக்குப் பழகிய அமைதி. திரைக்கதையின் உச்சத்தைச் சொல்லி நிறுத்தும்போது வருமே, டிக்கட்டுக்குக் கை நீளுவதற்கு முன் வருமே, அதே அமைதி. அத்தனை கண்களும் ஏன், ஏன் என்று அவன் வாயைப் பார்த்தன. அவனுக்குள்ளிருந்த யானை எழுந்து நின்றது.

"ஏன் பூசக் கூடாது?" என்று அந்தக் குரல் தானாகவே கேட்டது. "ஏனென்றால் இதன் மணம் அப்படி! ஒரே ஒரு துளி! ஒரு துளியில் குவியல் குவியலாகத் தேயிலை மயங்கி விழுந்தது தாய்மார்களே! இரும்பு யந்திரம் அரைத்த தேயிலையே தாங்காத மணத்தை, இரத்தமும் சதையுமான மனிதர்கள் தாங்குவார்களா? மாளிகை, மாளிகை, மாளிகை!"

பள்ளத்தாக்கு அதை எடுத்து இரண்டாம் தரம் சொன்னது.

அவ்வளவுதான். கூட்டம் காரை மொய்த்தது. அதுவரை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்களெல்லாம் வாங்கினார்கள். தேயிலையை மயக்கிய சென்ட் எது, அதே சென்ட்தானா என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கைகளுக்கு நடுவே புஹாரி தலையை நிமிர்த்திப் பார்த்தான். தொரை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு பங்களாப் பக்கம் நடந்தார். கணபதி அசையாமல் நின்றார். நல்லம்மா இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டாம் பாதி வரும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பெட்டி காலியானதும் கணபதி வந்தார்.

"நான் கேட்டது இது இல்ல நானா," என்றார். ஸ்டோரைப் பார்த்து நடந்தார். திட்டியிருக்கலாம்.

நல்லம்மா காரின் கதவருகே வந்து நின்றாள்.

"எம் பேரு வரும்னாங்க நானா."

"வரும்மா." மைக் இல்லாத குரல். அவள் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். "சனம் கூடிட்டிச்சி... விட்டுப்போச்சி. அடுத்த சம்பளத்துக்குக் கட்டாயம்."

"மறந்துறாதீங்க," என்று கூடையை மாட்டிக்கொண்டாள்.

அந்த அறிவிப்பைக் கேள்விப்பட்ட முதலாளி, புஹாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதத்தான் நீ சொல்ல வந்தியா? முன்னுக்கே சொல்லியிருக்கலாமே!" அடுத்த முறை அச்சான லேபலில், படிக்கட்டுப் படத்தின் கீழே சிவப்பில் ஒரு வரி சேர்ந்தது: தேயிலை ஸ்டோருக்குப் பூசிச் செல்ல வேண்டாம். புஹாரியின் குற்ற ஒப்புதலில் முதற்பாதி இப்படி மாத்தளை மாவட்டம் முழுவதும் போத்தல் போத்தலாய்ப் போனது. அப்போதுதான் நகரத்தில் அந்தச் செய்தி பரவியது. கண்ட இடத்தில் ஆட்கள் அவன் தோளைத் தட்டினார்கள். நேர்மையான மனுஷன் என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் ஓர் அங்குலம் குறுகினான்.

அடுத்த சம்பள நாளுக்குக் காய்ச்சல் என்றான். அதற்கடுத்த மாதம், வேறு பக்கம் போகிறேன் என்று முதலாளியிடம் தானே கேட்டான். மாத்தளைக்கு வடக்கே இருந்த நாலந்தாவுக்குப் போனான். அதுவும் கிட்ட என்று தோன்றியபோது வில்கமுவவுக்கு, பஸ்கூட நினைத்தால்தான் வரும் என்ற ஊருக்கு, வயல்காரர்களிடம் சிங்களத்தில் பளிங்குப் படிக்கட்டு விற்கப் போனான். வீட்டில் மஸீனா அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சுவரிலிருந்த படத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினாள். புஹாரி பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வருடங்களில் வீட்டுக்கு வீடு வானொலி வந்தது. முதலாளி காலமானார். ஆஸ்டினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். புஹாரி சினிமா அறிவிப்போடு காலத்தை ஓட்டினான். பஸ் ஸ்டாண்டில் எல்கடுவ பஸ் நின்றால் மறுபக்கத்தால் சுற்றிப் போவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. எழுபத்தொன்றில் ஒரு நாள் மழை. சுற்றிப் போக முடியாமல் தகரத்தின் கீழ் ஒதுங்கியவனை, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"நானா. கொம்புக் கார் நானாதானே?"

நல்லம்மா. பல் விழுந்திருந்தது. மடியில் தடி.

"எப்படிம்மா இரிக்கீங்க?"

"இருக்கேன். போன வருசந்தான் வயசாச்சுன்னு வேலையிலருந்து பேரு வெட்டினாங்க. அதுவரைக்கும் மலைதான்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "கணபதி ஐயா வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு. பழைய தொரையும் இல்ல."

"அப்ப இனி சொல்லி..." என்று தொடங்கிய புஹாரிக்கு, நெஞ்சில் ஓர் ஓரத்தில் இலேசாகிற மாதிரி இருந்தது. அந்த இலேசுக்காக உடனேயே வெட்கப்பட்டான்.

"சனம் இருக்கே நானா. லயத்துல இன்னமும் சண்ட வந்தா, செண்டு பூசின பொய்க்காரின்னுதான் என்னச் சொல்றாங்க. பேரப்புள்ளைங்க காதுல விழுது." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மைக்கெல்லாம் வேணாம். ஒரு வார்த்த. லயத்து வாசல்ல வந்து நின்னு சொன்னாப் போதும்."

"வாறேன். இந்த மாசத்துக்குள்ள வாறேன்."

பஸ் கிளம்பியது. மழையில் அவள் சொன்னது கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், சரி என்பதற்கு.

அந்த மாதமும் முடிந்துவிட்டது.